சந்திரலோகத்தில் நிலாச்சோறு

"ஒண்ணு கேட்டா வைய மாட்டீகளே மதினி?"

"மொதல்ல கேளு. வையிறதா வேண்டாமான்னு பெறகு பாக்கலாம்."

"இல்ல, பெறகு கேக்கேன்."

அப்படிச் சொல்லிவிட்டுச் செல்லத்தாய் மடியில் கிடந்த ரோஸ் நிற நைலான் சேலையைப் புறங்கையால் மெதுவாக ஒதுக்கினாள். விரல்களில் இருந்த வெள்ளிப் பொடி புதுச் சேலையில் ஒட்டிவிடக் கூடாதே என்று அவளுக்குப் பயம். லட்சுமிகாந்தம் சிரித்தாள். நாளைக்கு இதைத்தான் கட்டிக்கொண்டு வரவேண்டும், நான் பார்க்கவேண்டும் என்று மறுபடியும் சொன்னாள். மறுநாள் செல்லத்தாய் அதைத்தான் கட்டிக்கொண்டு வந்தாள். கேட்க நினைத்ததைக் கேட்க மட்டும் அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பேச்சை இப்போது ஒரு வாழையிலையின் ஓரம் ஞாபகப்படுத்தியது. விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில், சந்திரலோகம் ஓட்டலில், லட்சுமிகாந்தத்தின் முன்னால் விரித்திருந்த இலையின் நுனியில் வெள்ளி நிறத்தில் ஒரு பெருவிரல் ரேகை பதிந்திருந்தது.

"பரிமாறுறவுக கையி பட்டிருக்கும்" என்றான் அவள் கணவன் சண்முகவேல்.

ஆனால் உள்ளே வரும்போது அவனேதான் சொல்லியிருந்தான். சாப்பாடு தொடுகிற கையாயிற்றே என்று, பரிமாறுகிற ஆட்களுக்கு உள்ளங்கையிலும் விரல்களிலும் மட்டும் சாயம் பூசவில்லையாம். லட்சுமிகாந்தம் தண்ணீரைத் தெளித்து அந்த ரேகையைத் துடைத்தாள். அது போகவில்லை.

காபி கிளப் நடத்துகிற அய்யாதுரை அண்ணாச்சியின் யோசனை இந்தச் சந்திரலோகம். மனிதன் ஆகாயத்துக்குப் போய்விட்டு வருகிறான் என்று பத்திரிகைகளில் படமாகப் போட்டுக்கொண்டிருந்த காலம். அண்ணாச்சி மூங்கிலும் தகரமும் கொண்டு பனை உயரத்துக்கு ஒரு ராக்கெட் கட்டி, அதன் வயிற்றுக்குள் நுழைந்துதான் ஓட்டலுக்குள் போகவேண்டும் என்று செய்திருந்தார். வெளியே நாலு மணி வெயில் கண்ணைக் கூசவைத்தது. உள்ளே கறுப்புத் துணியும் சாக்கும் கட்டிய கொட்டகையில் இருட்டு. கூரையில் நட்சத்திரங்களாகச் சின்னச் சின்ன பல்புகள். சுவர், தூண், பெஞ்சு எல்லாவற்றிலும் கோந்தில் குழைத்த வெள்ளிப் பொடி. பரிமாறுகிற ஆண்கள் முகத்திலும் புறங்கையிலிருந்து முழங்கை வரையிலும் அதையே பூசிக்கொண்டு சந்திரலோகத்து மனிதர்களாக நடமாடினார்கள். தாயில்பட்டிப் பக்கம் இருந்த சண்முகவேலின் பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்த அலுமினியப் பொடி அது. அதனால் சொந்த வீட்டுக் கல்யாணப் பந்தலைப் பார்ப்பதுபோல் அவன் சுற்றிச் சுற்றிப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டுக்கு நிலாச்சோறு என்று பெயர். பௌர்ணமியில் மொட்டைமாடியில் அம்மா உருட்டிக் கொடுப்பதுபோல், சந்திரலோகத்து மனிதர் ஒருவர் நடுவில் நின்று புளியோதரையை உருட்டி நீட்டிய கைகளில் எல்லாம் வைத்துக்கொண்டு போவார். இலை, தொட்டுக்கொள்ள வைக்கிற வடைக்கும் துவையலுக்கும். பெரியவர்கள்கூடக் குழந்தைகளைப்போல் கையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

லட்சுமிகாந்தத்துக்குச் சிரிப்பு வரவில்லை. நல்லெண்ணெய் வாசத்துக்கும் ஈரக் கோந்தின் வாடைக்கும் அடியில், மிக அடியில், கந்தகம் மணத்தது. கம்பெனியிலிருந்து இங்கே வந்தது வெள்ளிப் பொடி மட்டும்தான். கந்தகம் வர வழியில்லை.

கல்யாணமான புதிதில் கணவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவள் கம்பெனிக்குப் போவாள். அங்கேதான் செல்லத்தாயைப் பார்த்தாள். வெடிமருந்து சலிக்கிற அறையில் வேலை. சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் கையில் ஏறிய வெள்ளி இறங்காது. அதனால் மத்தியானம் சோறு தொடாமல் செம்பில் கம்பங்கூழைக் கரைத்துக் குடித்துவிட்டு எழுந்துவிடுவாள். ஒருநாள் லட்சுமிகாந்தம் தூக்குச்சட்டியில் மிச்சமிருந்த வெந்தயக் குழம்புச் சோற்றைப் பிசைந்து அவளுக்கு ஊட்டிவிட்டாள். பிறகு அது தினசரி வழக்கமாயிற்று. "மொதலாளிக்கு இப்பிடி ஊட்டியிருக்கீகளா மதினி? இல்ல, எனக்குத்தான் யோகமா?" என்று வாய் நிறையச் சோற்றோடு கேட்டுவிட்டு அவளே சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகத்தான் சிங்கப்பூரிலிருந்து அண்ணன் கொண்டுவந்த இரண்டு நைலான் சேலைகளில் ஒன்றை லட்சுமிகாந்தம் அவளுக்குக் கொடுத்தாள்.

மருந்து அறைக்குள் போகிற பெண்கள் வாசலில் முந்தானை நுனியை நீட்டவேண்டும். ஃபோர்மேன் உக்கிரபாண்டி அதைக் கசக்கிப் பார்ப்பார். கசங்கி நின்றால் நூல் சேலை, உள்ளே போகலாம். கசங்காமல் விரிந்துகொண்டால் நைலான், போகக் கூடாது. புதுச் சேலை கட்டிவந்த அன்று செல்லத்தாயின் முந்தானை அவர் விரலிலிருந்து வழுக்கி விரிந்தது. அவர் தலையை ஆட்டினார். சேலையைப் பார்க்கவென்றே காலையில் வந்து பக்கத்தில் நின்ற லட்சுமிகாந்தம், நான்தான் கட்டச் சொன்னேன், இன்றைக்கு ஒருநாள் விடுங்கள் என்றாள். முதலாளி வீட்டம்மா சொன்ன பிறகு அவர் என்ன செய்வார், வழியை விட்டார். பதினோரு மணிக்குச் செல்லத்தாயோடு அந்த அறை வெடித்தது.

விசாரணையில் உக்கிரபாண்டி நூல் சேலை என்று சொன்னார். சொல்லும்போது லட்சுமிகாந்தத்தை அவர் பார்க்கவில்லை. அவளும் வாயைத் திறக்கவில்லை. செல்லத்தாயின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். இப்போதும் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம், செல்லத்தாய் மாதிரி அசட்டையாக இருந்துவிடாதே என்றுதான் சொல்கிறார்கள். லட்சுமிகாந்தத்தின் காதுபடவே சொல்கிறார்கள்.

அவளுக்கு முன்பே தெரியும் என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. தன்னுடைய நைலான் சேலையை இருட்டில் அவிழ்க்கும்போது சடசடவென்று சின்னப் பொறிகள் பறப்பதை அவள் பார்த்திருக்கிறாள். அழகாக இருக்கிறதே என்று இரண்டு முறை அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்திருக்கிறாள்.

"லட்சுமி, பக்கத்துக் கடையில நைலான் சேல வந்திருக்கு" என்றான் சண்முகவேல், வடையைப் பிட்டுக்கொண்டே. "நம்ம கம்பெனிப் பொம்பளைக நாப்பது பேருக்கும் எடுத்துருவோமா? பொங்கலுக்குக் கட்டட்டும். அவுகளுக்கும் ஆச இருக்காதா?"

அவள் கையில் இருந்த கவளம் இலையில் விழுந்தது.

"நூல் சேலையே எடுங்களேன்."

"ஏன்?"

அவள் விழுந்த கவளத்தை இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினாள்.

"வேர்க்கும்" என்றாள்.

"வேர்த்தா விசிறிக்கிட்டுப் போறாக."

"வேலைக்கு அதக் கட்டிட்டு வந்துட்டா?"

"உக்கிரபாண்டி அண்ணாச்சி விட்டுருவாராக்கும். அவரு கையில முந்தான கசங்காம ஒருத்தி உள்ள போனதில்ல. செல்லத்தாய்கூட அன்னைக்கு நூல் சேலதான கட்டியிருந்தா. அசட்டைக்கு யாரு என்ன செய்ய முடியும்?"

இப்போது சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். அவன் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இன்றுவரை கள்ளமில்லாமல் அவளைப் பார்க்கிற முகம். சொன்ன பிறகு அந்த முகம் இப்படிப் பார்க்காது. அவள் துவையலைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

கடைக்காரரிடம் ஆர்டர் சொல்லிவிட்டு வருகிறேன், நீ சாப்பிட்டு முடி என்று சண்முகவேல் எழுந்து, ராக்கெட்டின் வயிற்று வழியாக வெளிச்சத்துக்குள் போனான். அவன் விலக்கிய திரை தானாக மூடிக்கொண்டது.

கொட்டகை முன்னைவிட இருட்டாக இருப்பதுபோல் தோன்றியது. அடுத்த பெஞ்சில் இருந்தவர்கள் எப்போது எழுந்து போனார்கள் என்று தெரியவில்லை. வெளியே ராட்டினத்தின் கிறீச்சிடலும் ஒலிபெருக்கியின் இரைச்சலும் சாக்குச் சுவருக்கு அப்பால், கிணற்றுக்கு மேலே யாரோ பேசுவதுபோல் தூரமாகிக்கொண்டே போயின. அவை தேயத் தேய இன்னொரு சத்தம் தெளிந்தது. முதலில் எலி காகிதத்தைக் கடிப்பதுபோல். பிறகு யாரோ இருட்டில் சேலை அவிழ்ப்பதுபோல்.

சடசட.

அவள் எழுந்து போயிருக்கலாம். கணவனின் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம். ஆனால் எழுந்து போனால் சொல்லவேண்டும். அதனால் உட்கார்ந்திருந்தாள்.

தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்தது. மற்றவர்கள் கையைப் போலவே வெள்ளி. ஆனால் உள்ளங்கையும் வெள்ளி, விரல் இடுக்கும் வெள்ளி, நகக்கண்ணும் வெள்ளி. வளையல் இல்லை. வளையல் போட்டிருந்த இடத்தில் தழும்பு மட்டும். பெண்ணின் கை.

இங்கே பரிமாறுகிறவர்கள் எல்லாரும் ஆண்கள்.

லட்சுமிகாந்தத்தின் கை தானாக நீண்டது. உள்ளங்கையில் ஒரு கவளம் வந்து உட்கார்ந்தது. சுட்டது. வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் வாயில் போட்டாள். புளியோதரை இல்லை. வெந்தயம் கொஞ்சம் தூக்கலாக, பூண்டு நசுக்கிப் போட்ட குழம்பு. அவள் வீட்டுக் குழம்பு. அவள் கைப்பக்குவம்.

இன்னொரு கவளம். விழுங்கினாள். இன்னொன்று. பல்லில் பொடி நறநறத்தது. நாக்கில் கந்தகம்.

"போதும்" என்றாள்.

மெதுவாகத் தலையைத் திருப்பினாள்.

தூண்களுக்கு நடுவே பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லா முகமும் வெள்ளி. நேற்று முருங்கைக்கீரை கொண்டுவந்து கொடுத்த ஆவுடைத்தாய். சித்திரையில் கல்யாணம் வைத்திருக்கிற சண்முகத்தாய். உயிரோடு இருக்கிறவர்கள். நாளைக் காலையில் வேலைக்கு வரப்போகிறவர்கள். எல்லார் மேலும் ஒரே மாதிரிப் புதுச் சேலை, மடிப்புக்கூடக் கலையாமல். மருந்து அறை வாசலில் நிற்பதுபோல் ஒவ்வொருத்தியும் முந்தானை நுனியைப் பிடித்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

உக்கிரபாண்டியிடம் இல்லை. அவளிடம்.

வரிசையின் முன்னால் நின்றவளுக்கு முகம் பாதிதான் இருந்தது. ரோஸ் நிறம் கழுத்திலிருந்து உருகி வழிந்து, மார்பிலும் கையிலும் உறைந்திருந்தது. எங்கே சேலை முடிகிறது, எங்கே தோல் தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவளும் நுனியை நீட்டினாள். பிய்த்து, இழுத்து, நீட்டினாள்.

லட்சுமிகாந்தத்தின் விரல்கள் அதைப் பிடித்தன. கசக்கின.

கசங்கவில்லை. வழுக்கி விரிந்தது. சடசட.

வெளியே எங்கோ கணவன் யாரிடமோ நாற்பது என்று உரக்கச் சொல்வது கேட்டது.

அந்தப் பாதி வாய் திறந்தது. கோபமில்லை. அதே பழைய தயக்கம். வைதுவிடுவார்களோ என்று பயந்து இரண்டு வருஷமாக மடியிலேயே வைத்திருந்த கேள்வி.

"நாளைக்கு மட்டும் என் பழைய நூல் சேலையக் கட்டிட்டு வரட்டுமா மதினி?"