இரண்டாவது குழாய்

படத்தில் எல்லாமே தெளிவாக இருந்தது, ரோசம்மாளின் மூக்கைத் தவிர.

படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போக் கரைசலிலிருந்து எடுத்த பிலிமைத் தண்ணீர் சொட்டச் சொட்ட பல்புக்கு நேரே பிடித்து ஜெயராஜ் மறுபடியும் பார்த்தான். நாற்காலியின் பிரம்புப் பின்னலைக் கண்ணி கண்ணியாக எண்ணலாம். இரண்டு பக்கமும் நின்ற பிள்ளைகளின் சட்டைப் பொத்தான்கள், சுவரில் தொங்கிய காலண்டரின் தேதிகள், எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன. நடுவில் உட்கார்த்தி வைத்திருந்த அவன் பெண்டாட்டியின் மூக்கும் மேலுதடும் மட்டும் ஈர விரலால் தடவிவிட்டது போல லேசாகக் கலங்கியிருந்தன.

கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்பேட்டை புதிதாக வந்த வருஷங்கள் அவை. பகலில் ஜெயராஜுக்குக் குழாய்க் கம்பெனி வேலை, மிச்ச நேரத்தில் போட்டோ. கம்பெனியில் கழித்துப் போட்ட கறுப்புக் குழாய்த் துண்டுகளுக்கு வெளிச்சம் புகாத மூடி செய்து, ஜன்னலில் சாக்கு அடித்த அடுப்படியில் உட்கார்ந்து, ஒரு குழாய்க்கு ஒரு பிலிம் என்று தானே கழுவிக்கொள்வான். ஆரம்பாக்கத்தைச் சுற்றி அவனைக் கூப்பிடுவதெல்லாம் பெரும்பாலும் சாவு வீட்டுக்குத்தான். உயிரோடு இருந்தபோது படமே எடுத்துக்கொள்ளாதவர்களை நாற்காலியில் சாய்த்து, இடுப்பைத் துண்டால் கட்டி, தாடைக் கட்டை அவிழ்த்துவிட்டு எடுக்க வேண்டும். லென்ஸ் மூடியைக் கழற்றிப் பத்து எண்ணுவதற்குள் பிள்ளை தும்மும், மருமகள் விசும்புவாள், பிலிம் பாழாகும். செத்தவர்களைப் போல நல்ல கஸ்டமர் கிடையாது என்று அவனே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறான். ஊரையெல்லாம் எடுத்தவன் கட்டியவளை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப் போட்டான். அன்று காலையில் வலிப்பு வந்து விழுந்தவளைக் கம்பவுண்டர் நாடி பார்த்து உதட்டைப் பிதுக்கிய பிறகுதான் அவளுக்கென்று முதல் பிலிமை எடுத்தான். அதை நினைக்க நினைக்க அவனுக்கு நெஞ்சு வெந்தது.

நாற்காலி ஆடியிருக்கும். ஆடியிருந்தால் பிரம்பும் அல்லவா கலங்கியிருக்கும்? குழாய்க்குள் பிலிம் ஒட்டியிருக்கும். ஒட்டினால் திட்டாக விழுமே தவிர இப்படி விழாது. பூதக்கண்ணாடியை எடுத்து அவள் கழுத்திலிருந்து கீழே இறங்கினான். மாலை இரண்டாகத் தெரிந்தது. அழுத்தமாக ஒன்று, அதற்கு ஒரு நூல் மேலே நிழலாக இன்னொன்று. நெஞ்சு ஏறி இறங்கிய மாதிரி.

ஹைப்போவின் நெடி மூக்கைச் சுட்டது. ஓட்டின் மேல் மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அடுப்பு மேடையில் இரண்டாவது குழாய் காத்திருந்தது, மத்தியானம் அடக்கத்துக்கு முன் கல்லறைத் தோட்டத்தில் எடுத்த படம். அதில் அவள் முகம் செத்த முகமாக இருந்துவிட்டால் போதும், மனசு அடங்கிவிடும். விளக்கை அணைத்தான். மூடியில் டெவலப்பரை ஊற்றி, குழாயை அதன் மேல் கவிழ்த்துத் திருகி, விளக்கைப் போட்டு, தண்ணீர்த் தட்டில் கிடத்தி உள்ளங்கையால் உருட்ட ஆரம்பித்தான்.

கதவு தட்டப்பட்டது. ரோசம்மாளின் தங்கை சாராள்.

"மாமா, பசங்கோ சோறு துன்னாம குந்திக்கினு கீதுங்க. கதவத் தொறக்கட்டா?"

"தொறக்காத. உள்ள பிலிம் கீது."

அவள் போகத் திரும்பியது கேட்டது.

"சாராள், பெட்டியில வெக்க சொல்லோ அக்கா கையப் புடிச்சது நீதானே? வெறச்சிருந்துச்சா?"

அவள் காலடி கதவண்டை திரும்பி வந்தது.

"இல்ல மாமா. மெத்துனுதான் இருந்துச்சி. பாஸ்டரண்ட கூட சொன்னேன். நல்ல ஆத்துமாவுக்கு அப்டித்தான் இருக்கும்னாரு. இன்னாத்துக்கு இப்ப கேக்குற?"

"சும்மாதான்."

"கல்லறத் தோட்டம் பூரா ஏரித் தண்ணி ஏறிக்கிச்சாம். நல்லவேள, அதுக்கு முன்னாடியே அடக்கத்த முடிச்சிட்டோம்."

அவள் போய்விட்டாள். குழாய் உருண்டது. தண்ணீர் சளக் சளக்கென்றது. ஓடலாம். இப்போதே, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு. ஆனால் பாதியில் விட்டால் பிலிம் போய்விடும். தான் பயந்தது பொய் என்று காட்ட அவனிடம் வேறொன்றும் இல்லை. உருட்டினான்.

குழி வெட்டிய மண்மேட்டில்தான் காமிராவை நிறுத்தியிருந்தான். கடைசியாகப் பெட்டியைத் திறந்தார்கள். "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றார் பாஸ்டர். கூட்டம் அசையாமல் நிற்பது ஜெபத்தில் மட்டும்தான், அது அவனுக்குத் தெரிந்த தொழில் சூட்சுமம். பிலிமைச் செருகிய பிறகு காமிராவின் கண்ணாடியிலும் எதுவும் தெரியாது. ஷட்டரைத் திறக்கும் ரப்பர் பந்தை அமுக்கினான். பழக்க தோஷம், அவனும் கண்ணை மூடித்தான் அமுக்கினான்.

ஆமென்.

முகத்தில் வெள்ளைத் துணி போடுவது புருஷன் வேலை. பார்க்கத் தெம்பில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டே போட்டான். உடனே ஆணி அடித்தார்கள்.

கை நின்றுவிட்டது. நேரம் ஆகியிருந்தது. விளக்கை அணைத்தான். மூடியைத் திருகினான். ஹைப்போ. இருட்டில் அவன் மூச்சு அவனுக்கே கேட்டது. அடக்கிப் பார்த்தான். முடியவில்லை. செத்தவர்களுக்குத்தான் அது முடியும்.

விளக்கு.

கலங்கல் இல்லை. அருமையான படம். நெகட்டிவில் முகங்கள் கறுத்தும் தலைகள் நரைத்தும் தெரிந்தன. பூதக்கண்ணாடியை வைத்தான். பாஸ்டர், கண்ணை மூடி. சாராள், மூடி. பெரியவன், சின்னவள், இறுக்கி மூடி. பெட்டி. கறுத்த முகம். அதில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். விழியின் கறுப்பு நெகட்டிவில் வெள்ளையாகத்தான் விழும்.

சுற்றி நின்ற அத்தனை பேரும் தலை குனிந்து கண்ணை மூடியிருந்தார்கள். பெட்டிக்குள் ரோசம்மாள் முழித்துக்கொண்டு, காமிராவுக்குப் பின்னால் நின்ற புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.