நாற்காலிகள் ஜெயித்த கோப்பை

பள்ளி இணையதளத்தின் முகப்புக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. கதவைப் படுக்கப் போட்டது போல அகலமான படம்.

ஆனால் கோ-கோ அணி மாவட்டக் கோப்பை வாங்கிய அன்று எடுத்த படமோ நெட்டையானது. மேலே பள்ளிக் கட்டடம். நடுவே நாற்காலிகளில் தாளாளரும் நான்கு விருந்தினர்களும். கோப்பை தாளாளர் மடியில். கீழே மண்தரையில், விளையாடி ஜெயித்த ஒன்பது பெண்கள்.

"நித்யஸ்ரீ, இதை வெட்டி முகப்புக்குச் சரி பண்ணிக் குடு கண்ணு. தாளாளர் ஐயா முகம் பெருசாத் தெரியோணும்" என்றார் கம்ப்யூட்டர் சார் சென்னகேசவன்.

ஏழாம் வகுப்பு நித்யஸ்ரீக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. மேலே கட்டடத்தை வெட்டினாள். கீழே வெட்டும்போது கை நின்றது. ஓரத்தில் ஒரு சிவப்பு ரிப்பன் மட்டும் மிஞ்சியிருந்தது. அது அணித் தலைவி கிருபாவுடையது. கிருபா அவளுடைய உயிர்த்தோழி.

தெரிந்தேதான் பொத்தானை அழுத்தினாள். சார் "சபாஷ்" என்று அப்போதே அதை முகப்பில் ஏற்றினார்.

மறுநாள் கிருபா வேறு பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

"என்னாச்சு கிருபா?"

"என்ற புள்ள படம் வந்திருக்குதுன்னு எங்கம்மா மில்லுல எல்லார்த்துக்கும் போனைக் காட்டியிருக்காங்க. 'உங்க புள்ள எங்கீங்க?'ன்னு கேட்டாங்களாம். அம்மா அந்த ரிப்பனைத் தொட்டுக் காட்டுனாங்களாம்." கிருபாவின் குரல் உடைந்தது. "யாரு வெட்டுனது?"

"நாந்தான்."

கிருபா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மதியம் நித்யஸ்ரீ மறுபடியும் கம்ப்யூட்டர் முன் போய் உட்கார்ந்தாள். சார் சொன்னார் என்று தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் பொத்தானை அழுத்தியது யார் விரல்?

முழுப் படத்தையும் சுருக்கிப் பார்த்தாள். முகமெல்லாம் எள்ளு எள்ளாகத் தெரிந்தது. உதவாது.

மாலையில் மைதானத்தில் பயிற்சி நடந்தது. எட்டுப் பேர் நீள வரிசையாகக் குந்தியிருக்க, கிருபா துரத்திக்கொண்டு ஓடினாள். நித்யஸ்ரீ கண் விரியப் பார்த்தாள். எவ்வளவு அகலம்! உடனே ஓடிப்போய் சாரின் செல்போனை வாங்கி வந்தாள்.

"ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"

"இதையும் வெட்டிப்போடுவியா?" என்றாள் கிருபா.

"இதுல வெட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல."

"எனக்காவ வேண்டாம். இவங்களுக்காவ எடுத்துக்கோ."

படத்தைப் பார்த்த சார் தலையைச் சொறிந்தார். "ஜோராத்தான் இருக்குது அம்மணி. ஆனா இதுல ஐயா இல்லியே?"

"அப்ப பழைய படமே இருக்கட்டுமுங்க சார். அதுக்கடியில 'எங்கள் கோ-கோ வீராங்கனைகள்'னு போட்டிருக்குதுங்களே, அதை மட்டும் எடுத்துருங்க. அதுல இருக்கறவங்க ஆரும் ஓடலீங்களே."

சார் திரையைப் பார்த்தார். தொப்பையும் சால்வையுமாக ஐந்து வீராங்கனைகள் வீற்றிருந்தார்கள். அவருக்கே சிரிப்பு பீறிட்டது. பிறகு முகம் சுருங்கியது.

"ஐயாகிட்ட நான் பேசிக்கறேன்" என்று புதுப் படத்தை ஏற்றினார்.

புதன்கிழமை காலை நித்யஸ்ரீ கிருபாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "அம்மா பாத்தாங்களா?"

"பாத்தாங்க. சந்தோசந்தான். ஆனா மில்லுக்குக் கொண்டுபோய் இன்னொருக்கா காட்ட மாட்டேன்னுட்டாங்க."

நித்யஸ்ரீக்கு அழுகை முட்டியது. அதற்கு அவளிடம் எந்த வழியும் இல்லை.

"உனக்கும் இன்னும் கோவமா?"

"இருக்காதா பின்னே? வெள்ளிக்கெழம வரைக்கும் உன்றகூடப் பேச மாட்டேன்."

நித்யஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினாள். இரண்டே நாள்தான்!