உள்ளங்கால்

மகளுக்குக் கல்யாணம் என்றாலும் காலையில் தோல்நோக்கியின் முன் நிற்காமல் முடியாது. இசக்கியம்மாள் பட்டுச்சேலைக்கு மேல் வெயிலுறையை மாட்டிக்கொண்டு தெருமுனைக்கு ஓடினாள். தன் முறை வந்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுத் தட்டில் ஏறினாள். செருப்போடு ஏறினால் கருவிக்கு ஒன்றும் ஆகாது என்று எத்தனையோ முறை சொல்லியாகிவிட்டது. இந்த ஊர் கேட்டால்தானே! வந்த முதல் நாளே அதற்குச் சந்தனம் வைத்த ஊர் இது. நீல ஒளி உச்சந்தலையிலிருந்து கணுக்கால் வரை வழுக்கி இறங்கியது. துணியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டில்லை. அவள் மணிக்கட்டு வளையம் பச்சையானது.

பச்சை இருந்தால் டிராமின் கதவு திறக்கும், வேலையிடத்தின் கதவு திறக்கும். மஞ்சளுக்கு நிழற்பாதை மட்டும். சிவப்புக்கு ஆஸ்பத்திரிக் கதவு மட்டும். வானத்தின் மேல்போர்வை நைந்து வெயில் ஆளைக் கடிக்கத் தொடங்கிய பிறகு வந்த ஏற்பாடு. பலன் இல்லாமல் இல்லை. மூக்கிலும் காதோரத்திலும் முளைத்த புற்றுகளை ஆரம்பத்திலேயே பிடித்து, சின்னத் தழும்போடு ஆட்களை வீட்டுக்கு அனுப்பியது. ஆனால் கருவி பார்த்துக்கொள்கிறது என்றானதும் மனிதர்கள் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். அடுத்தவர் தோலைக் காட்டி, 'இதென்ன, புதுசா இருக்கு?' என்று கேட்பது நாகரிகக்குறைவாகிப் போனது.

இசக்கியின் கணவர் வேலாண்டி போன ஆவணியில் நெஞ்சில் நீர் கோத்து இறந்தார். அவர் கையிலும் கடைசி வரை பச்சைதான். ஒரு வருஷமாகக் கால் ஆணி என்று நொண்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். தோல் விஷயம் இல்லை என்பதில் எல்லாருக்கும் ஓர் ஆறுதல்.

மண்டபத்தில் தாலி கட்டி முடிந்ததும் பாதபூஜை. புருஷன் இல்லாதவளை மணையில் உட்காரவைப்பதா என்று இரண்டு உறவுக்காரிகள் முனகினார்கள். கோமதி காதிலேயே வாங்கவில்லை. "எங்கம்மா காலத்தான் கழுவுவேன். பிடிக்காதவுக சாப்பிடப் போங்க" என்று தாம்பாளத்தை இழுத்து வைத்தாள். புது மாப்பிள்ளை செம்பைச் சரிக்க, அவள் தாயின் வலது குதிகாலைக் கையில் ஏந்தித் தேய்த்தாள். தேய்த்தவள் நிறுத்தினாள். குனிந்து பார்த்தாள். மறுபடி தேய்த்தாள்.

"என்னம்மா இது?"

"எது?"

"கறுப்பா, புளியங்கொட்ட கணக்கா. ஓரமெல்லாம் கலைஞ்சு கெடக்கு."

"முள்ளு குத்தி ரத்தம் கட்டியிருக்கும். மஞ்சளப் பூசுட்டி, எல்லாரும் பாக்காவ."

"முள்ளு எப்பக் குத்துச்சு?"

இசக்கிக்கு முள் குத்திய ஞாபகமே இல்லை. தன் உள்ளங்காலைத் தானே பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்றும் தெரியவில்லை.

கோமதி மஞ்சள் பூசவில்லை. மாலையும் கழுத்துமாகத் தாயைத் தெருமுனைக்கு இழுத்துப் போனாள். பாதிக் கல்யாணக் கூட்டம் பின்னாலேயே வந்தது. தாயைத் தட்டில் உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தாள். "நேராக நிற்கவும்" என்றது கருவி. "நிக்க முடியாது, பாரு" என்று அதட்டினாள் மகள். இன்னும் இரண்டு முறை நிற்கச் சொல்லிவிட்டு, வேறு வழியில்லாமல் நீல ஒளி குதிகாலில் வந்து விழுந்தது. இசக்கியின் வளையம் சிவப்பானது. நாதஸ்வரக்காரர் மட்டும் விஷயம் தெரியாமல் மண்டபத்தில் வாசித்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே சதைத் துணுக்கை எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் ரெஹானா நாற்காலியை இசக்கியின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இது மெலனோமா. கருநிறமிப் புற்றுன்னு சொல்லுவோம். நம்ம மாதிரிக் கறுத்த தோல்ல இது அதிகமா வர்ற இடமே உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடிதான். வெயிலுக்கும் இதுக்கும் பெருசா சம்பந்தம் இல்லம்மா."

"வெயிலுக்குத்தானே இம்புட்டு நாளும் மூடிக்கிட்டுத் திரிஞ்சோம்!"

"மூடினது நல்லதுதான். ஆனா வெயில் படுற இடத்த நினைச்சு மட்டுமே பயந்தோம். முதல்ல வந்த தோல்நோக்கில படுக்கை இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. ஆளை மல்லாக்கப் போட்டு, குப்புறப் போட்டுப் பார்க்கும். வேலைக்கு நேரமாகிறது என்று தெருவே சண்டை போட்டுப் படுக்கையை எடுக்கவைத்தது. அந்தச் சண்டையில் டிராம் ஓட்டும் இசக்கியின் குரல்தான் ஓங்கி நின்றது. இப்போது அதை நினைக்க அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"சரி, என்ன செய்யணும்? அதச் சொல்லுங்க."

"சுத்தியிருக்கிற நல்ல தோலையும் சேர்த்து அகலமா வெட்டி எடுக்கணும். தொடையிலேருந்து தோல் எடுத்து அங்க ஒட்டுவோம். கவட்டுல நெறி கட்டுற இடத்துல, இது பரவினா முதல்ல போய்ச் சேர்ற கணு ஒண்ண எடுத்துப் பார்ப்போம், பரவியிருக்கான்னு. பரவியிருந்தா உங்க உடம்போட காவல் அணுக்களத் தட்டி எழுப்புற மருந்து இருக்கு. சில பேருக்கு மாத்திரையும் பொருந்தும், அதுக்கு மரபணுச் சோதனை பண்ணணும்."

"ஏதோ ஊசி இருக்காமே? வெட்டாமலே சரியாக்குமாமே?"

"பயிற்றூசி. உங்க புற்றையே பாடமா வச்சு, உங்க உடம்புக்கு அடையாளம் சொல்லிக்கொடுக்குற ஊசி. நல்ல ஊசிதான். ஆனா வெட்டுக்குப் பதிலா இல்ல, வெட்டுக்குப் பிறகு."

இசக்கி எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கீழே கடலோர டிராம் போனது. டிராம் தானாக ஓடும்; திருப்பங்களில் மட்டும் பிரேக்கை மனிதக் காலுக்கு விட்டிருந்தார்கள். அவளுடைய வலது குதிகாலுக்கு. அது இல்லாமல் யார் அவள்? "யோசிச்சுச் சொல்லுதேன்" என்றாள்.

"ரொம்ப யோசிக்காதீங்க. அது யோசிக்காம வளருது. இப்பவே எடுத்தா நல்லா ஆயிட வாய்ப்பு அதிகம்" என்றார் டாக்டர். "வீட்ல வேற யாருக்காவது கால்ல இப்படி இருந்துச்சா?"

இசக்கி திரும்பிப் பார்த்தாள். வேலாண்டியின் நொண்டல் கண் முன்னால் வந்தது. கால் ஆணிக்கு அவள் வாங்கிக்கொடுத்து அவரே ஒட்டிக்கொண்ட மருந்துப் பட்டை, காலை நீட்டச் சொன்னால் சிரித்துக்கொண்டே இழுத்துக்கொள்ளும் அந்த மனுஷன். "கால் ஆணின்னா... கறுப்பா இருக்குமா டாக்டர்?"

"பார்க்காம எதுவும் சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர். " இனி இருக்கிறவங்களப் பார்ப்போம்."

இருக்கிறவர்கள் என்றால் கோமதிதான். ஆஸ்பத்திரித் தோல்நோக்கியில் படுக்கை இன்னும் இருந்தது; அவளை அதில் குப்புறப் படுக்கவைத்தார்கள். "சாயம். வாசிக்க இயலவில்லை" என்றது கருவி. துணியை ஊடுருவும் ஒளிக்குத் தோலில் ஊறிய மருதாணியை ஊடுருவ வழி தெரியவில்லை. கல்யாணப் பெண்ணுக்குக் குளிர்ச்சி என்று இரண்டு உள்ளங்காலிலும் இடைவெளி விடாமல் அப்பியவள் இசக்கியேதான். நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று எலுமிச்சைச் சாற்றை வேறு தெளித்திருந்தாள். பிடித்திருந்தது, செக்கச் செவேலென்று.

அதுவாக மங்கும் வரை காத்திருக்கச் சொன்னார் டாக்டர். காத்திருக்கவா? வீட்டுக்கு வந்ததும் வராததுமாக இசக்கி மகளைக் குளியலறைப் படியில் உட்காரவைத்தாள். பீர்க்கங்கூட்டை எடுத்தாள், சோப்பை எடுத்தாள். காலை மடியில் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். நுரை சிவந்தது, கால் வெளுக்கவில்லை. பெருவிரலுக்குக் கீழே ஓரிடம் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தது. மருதாணி அங்கே தடித்து விழுந்ததா, வேறு ஏதாவதா? வெளிச்சத்துக்குத் திருப்பினாள். திருப்பினால் இல்லாததுபோல் இருந்தது. மறுபடி இருந்தது.

"யம்மா, எரியுது."

இசக்கி நிறுத்தவில்லை.

"மாப்பிள்ள, அந்த லைட்ட இப்படிப் பிடிங்க" என்றாள். வாசலில் நின்ற மருமகன் ஓடிவந்து பிடித்தான்.

"விடும்மா, தோலு உரியுது. மருதாணி தன்னால போவும். எனக்கு என்ன, இந்தா பாரு, பச்சதான் எரியுது." கோமதி தாயின் ஈரக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். "மொதல்ல நீ போய் ஆபரேஷன் பண்ணிக்க. நாளைக்கே வாரோம்னு டாக்டர்ட்ட சொல்லு. என்னைய அப்புறம் பாக்கலாம். நான் எங்க போயிரப் போறேன்?"

"ஒங்கப்பாவும் இப்படித்தாம்ட்டி சொன்னாவ" என்றாள் இசக்கி. "நாளைக்கே வெட்டட்டும், போறேன். இப்பக் காலக் காட்டு."

கோமதி கையை எடுத்துவிட்டு, இடது காலையும் தூக்கித் தாயின் மடியில் வைத்தாள்.