ஜவளகிரியில் ஒரு பேசாத அழைப்பு

காலை 6.30.

ரோஜாப் பூ பறிக்க வந்த ரங்கம்மா, பூச்செடி வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரமான பாலிஹவுஸின் கதவோரம், தோட்டத்துக்காரி நாராயணம்மா குப்புறக் கிடப்பதைப் பார்த்தாள். தொட்டுப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது. வீட்டுக்குள் ஓடிப் போனை எடுத்துக் காதில் வைத்தாள். பதற்றத்தில் எந்தப் பொத்தானை அமுக்கினாளோ, ஒரு சத்தமும் வரவில்லை. போனை அப்படியே போட்டுவிட்டு ஊரைப் பார்த்து ஓடினாள்.

ஆய்வாளர் இருளாயி ஜீப்பை விட்டு இறங்கும்போது மணி எட்டைத் தாண்டியிருந்தது. தேர்த்திருவிழா பந்தோபஸ்தில் மூன்று நாள் நின்ற கால்கள் பூட்ஸுக்குள் வீங்கிக் கிடந்தன. சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். இந்த எல்லைப் பிரதேசத்துக்கு வந்த நாளிலிருந்து மாற்றல் கேட்டு எழுதுகிறார். பதில் வந்ததில்லை. இப்போதெல்லாம் எழுதுவதற்கும் அலுப்பாக இருந்தது.

தோட்டத்துக்கு வரும் வழியில் ஊர்ச் சனங்கள் சாலையில் உட்கார்ந்திருந்தார்கள். யானை அடித்துக் கொன்றுவிட்டது, வனத்துறை அதிகாரி வந்து பதில் சொல்லாமல் பிணத்தை எடுக்க விடமாட்டோம் என்றார்கள். யானைதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஏனென்றால் முந்தின நாள் மாலை ஏழேகாலுக்கு யானை வந்ததாக மணியடித்தது நாராயணம்மாவின் போன்.

"எல்லா வீட்டுலயும் ஒரே சமயத்துல அடிக்குமுங்க," என்றார் அசோக்குமார். தளி பக்கத்துக் கிராமங்களுக்கு டி.வி. கேபிள் இழுத்தவர் அவர்தான். அதே வயரில் இன்டர்நெட்டும், அந்த இன்டர்நெட்டில் ஓடும் வீட்டு போனும் கொடுத்து வந்தார். "இங்க செல்போன் டவர் எடுக்காதுங்க மேடம். பிரசவ வலின்னாலும் ஜவளகிரி மேட்டுக்கு ஓடணும். இந்தப் போன் வந்த பொறவு நர்ஸம்மாவ வீட்டுல இருந்தே கூப்பிடறாங்க. அதுல ஆனைக்குன்னு ஒரு நம்பர் போட்டுக் குடுத்தேன். அதை அமுக்கினா ஊரு மொத்தமும் அடிக்கும். காட்டை ஒட்டி இருக்கறது நாராயணம்மா வீடுதான். ஆனை எறங்கினா மொதல்ல அவங்க கண்ணுலதான் படும். தமிழ், தெலுங்கு, கன்னடம்னு மூணுலயும் சொல்லுவாங்க. எந்தப் பக்கம் வருது, எத்தனை உருப்படின்னு."

"நேத்து என்ன சொன்னாக?"

"நேத்து ஒண்ணும் சொல்லலைங்க. மணி அடிச்சுது, எடுத்தா பேச்சே இல்லை. அவங்க நம்பர்தான் வந்துச்சு. ஆனை ரொம்பக் கிட்ட வந்துருச்சு போல, அதான் பேச முடியலைன்னு எல்லாரும் கதவைச் சாத்திக்கிட்டோம்." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "யாராச்சும் ஒருத்தர் வந்து பாத்திருக்கணும்."

"அந்தம்மாட்ட செல்போன் இல்லையா?"

"எதுக்குங்க, டவரே இல்லாத எடத்துல. பில்லு, மெசேஜ் எல்லாம் அவங்க அக்கா மவன் பிரதாப் நம்பருக்குத்தான் போவும். ஓசூர்ல கம்பெனி வேலை."

வனக்காவலர் சென்னகிருஷ்ணன் வேலியோரம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். சனங்களின் காதில் விழாதபடி மெதுவாகப் பேசினார்.

"மேடம், இங்க ஆனையே வரலைங்க. மண்ணு மெத்துன்னு இருக்குது, ஒரு காலடி இல்லை. ஆனைச் சாணி இல்லை. வேலிக் கம்பி ஒண்ணுகூட அறுந்து போவலை. கூட்டம் கர்நாடகா பக்கம் நிக்குது."

இருளாயி வீட்டுக்குள் போனார். பீரோ பூட்டியிருந்தது. காதுத் தோடு உடம்பிலேயே இருந்தது, ஆகத் திருட்டு இல்லை. முகத்தில் வியர்வை வழிந்தது. மின்விசிறி சுவிட்சைத் தட்டினார், சுற்றவில்லை. கெட்டுப்போன விசிறி என்று நினைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு நிமிடம் பூட்ஸைத் தளர்த்திக்கொண்டார்.

பகல் 12.30.

சனங்களிடம் பேசிப் பிணத்தை மட்டும் அரசு மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தார்கள், மறியல் தொடர்ந்தது. அங்கிருந்து டாக்டர் பேசினார்.

"பின்மண்டையில் ஒரே அடி. இரும்புக் குழாய் மாதிரி ஏதாவது இருக்கலாம். விலா எலும்பு எல்லாம் முழுசா இருக்கு. யானை இல்லை."

"நேரம்?"

"சாயங்காலம் அஞ்சுலேர்ந்து ராத்திரி எட்டுக்குள்ள. அதுக்கு மேல சுருக்கிக் கேட்காதீங்க."

சுருக்கத் தேவையில்லை என்றுதான் எல்லாருக்கும் பட்டது. ஏழேகாலுக்கு மணியடித்தவள் ஏழேகால் வரை உயிரோடு இருந்திருக்க வேண்டும். ஆக, கொலை அதற்குப் பிறகு. அந்த நேரத்தில் ஊரே கதவடைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக உள்ளே இருந்தது. தனியாக இருந்தவன் ஒருவன்தான். தோட்டத்து வேலையாள் மணிகண்டன்.

பெரம்பலூர்க்காரன். ஓசூரில் ஒப்பந்த வேலை போனபின் மனைவியோடு இங்கே வந்தவன். மனைவி காவேரிப்பட்டினத்தில் தன் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். முந்தின நாள் மத்தியானம் நாராயணம்மா அவனைச் சத்தம் போட்டதை நாலு பேர் கேட்டிருந்தார்கள். மேலதிகாரி போனில் ஒரே வரியில் முடித்தார்: "அவனை ரிமாண்ட் பண்ணுங்கம்மா, ரோட்டு மறியல் முடியட்டும்."

மணிகண்டன் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு எதிர் நாற்காலியில் வாக்குமூலம் எழுதிக் கொடுக்க வந்த அசோக்குமார். இருளாயி மூன்றாவது முறையாக அதே கேள்விகளைக் கேட்டார். ஒரு மனிதனை உள்ளே தள்ளுவதற்கு முன் மூன்று முறை கேட்பது அவருடைய வழக்கம். அதில் பெரிய நம்பிக்கை ஒன்றும் மிச்சமில்லை, பழக்கம்தான் மிச்சம்.

"நேத்து எத்தனை மணிக்குத் தோட்டத்தை விட்டுக் கெளம்புன?"

"அஞ்சு மணி மேடம். பால் கேனைத் தூக்கிட்டு சொசைட்டிக்குப் போனேன். அங்க கூட்டம். ஏழு மணி வரைக்கும் அங்கதான் நின்னேன். எல்லாரும் பாத்தாங்க."

"அப்புறம்?"

"ரூமுக்குப் போயிட்டேன். சோறாக்கித் தின்னுட்டுப் படுத்துட்டேன்."

"யாரு பாத்தா?"

"யாரும் பாக்கலை."

"தோட்டத்துக்கு ஏன் திரும்பிப் போகல? பொழுது சாஞ்சதும் தண்ணி பாய்ச்சுறது உன் வேலைதான?"

"அதான் காலையிலேர்ந்து சொல்றேன் மேடம். மோட்டார் ஓடலை. தண்ணி பாயலைன்னுதான் அம்மா மத்தியானம் என்னைத் திட்டுனாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

காலையிலிருந்து அவன் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். தப்பிக்கச் சொல்லும் சாக்கு என்று எழுதிவிட்டார்கள். இருளாயி இப்போதுதான் பேனாவைக் கீழே வைத்தார்.

"மோட்டார் ஏன் ஓடல?"

"கரண்ட் இல்லை. நேத்து மத்தியானம் தோட்டத்து டிரான்ஸ்பார்மர் புகைஞ்சு போச்சு. ஊருக்கு வேற லைனு, அங்க இருந்துச்சு. எங்களுக்கு மட்டும்தான் இல்லை."

"எப்ப வந்துச்சு?"

"இன்னும் வரலைங்களே."

சுற்றாத விசிறி அவருக்கு நினைவு வந்தது. ரங்கம்மாவின் காதில் சத்தமே எழுப்பாத போனும். இருளாயி திரும்பினார்.

"அசோக்குமார். கரண்ட் இல்லாம உங்க போன் அடிக்குமா?"

"அடிக்காதுங்க. பழைய லேண்ட்லைன்னா எக்ஸ்சேஞ்சுல இருந்தே கம்பியில கரண்ட் வரும். இது சுவத்துல இருக்கற பெட்டி ஓடினாத்தான் உசிரு. ஊருக்குள்ள சில பேரு பேட்டரி வாங்கி வெச்சிருக்காங்க. அந்தம்மா வேண்டாம்னுட்டாங்க."

"அப்ப நேத்து ஏழேகாலுக்கு அந்த வீட்டுல இருந்து யாருமே அடிச்சிருக்க முடியாது."

அசோக்குமார் நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"ஆனா நம்பர் மட்டும் வந்திருக்கு. எப்படி?"

"நம்பர் பெட்டியில இல்லைங்க மேடம்," என்றார் அவர் மெல்ல. "செல்போன்ல எங்க ஆப் ஒண்ணு போட்டுக்கலாம். ஒரு தடவை ஓ.டி.பி. குடுத்தாப் போதும். உலகத்துல எங்க இருந்து அடிச்சாலும் வீட்டு நம்பர்லதான் போவும். ஆனை நம்பருக்கும் போவும். வெளியூர்ல வேலை பாக்கற பசங்க வீட்டு நம்பரைக் கையோட வெச்சுக்கட்டும்னுதான் அதைக் குடுத்தோம்."

"ஓ.டி.பி. யாருக்குப் போகும்?"

"பிரதாப் நம்பருக்குங்க," என்றார் அவர். காலையில் தன் வாயாலேயே சொன்ன பதில்தான் அது. மேசை விளிம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மாலை 3.00.

பிரதாப், பிணத்தை வாங்கும் காகிதத்தில் கையெழுத்துப் போட வந்தான். முப்பது வயதிருக்கும். கம்பெனிச் சட்டையை இன்னும் மாற்றவில்லை. கண் சிவந்திருந்தது. இருளாயி நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்க தம்பி. சின்னம்மாட்ட கடைசியா எப்பப் பேசுனீக?"

"ஞாயித்துக்கிழமை மேடம்."

"நேத்து?"

"நேத்துப் பேசலை. எனக்கு நைட் ஷிப்ட். ஏழு மணிக்கு முன்னாடியே பஞ்ச் பண்ணிட்டேன். அவங்க ஏழேகாலுக்கு ரிங் பண்ணப்ப நான் கேன்டீன்ல இருந்தேன். என்கூட ஆறு பேரு இருந்தாங்க, கேட்டுப் பாருங்க."

"கேக்க வேண்டாம். நீங்க கேன்டீன்லதான் இருந்தீக."

இருளாயி மேசைப் போனைத் தன் பக்கம் இழுத்தார். நாராயணம்மாவின் எண்ணை நிதானமாக அமுக்கினார்.

"உங்க சின்னம்மா வீட்டு நம்பருக்கு அடிக்கிறேன். அந்த வீட்டுல இப்ப யாரும் இல்ல. கரண்டும் இல்ல, போன் பெட்டி செத்துக் கிடக்கு. எங்கயும் மணி அடிக்கக் கூடாது."

பிரதாப்பின் சட்டைப் பையில் செல்போன் அதிரத் தொடங்கியது. அவன் அதை எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை. மணிகண்டனும் அசோக்குமாரும் கான்ஸ்டபிளும் அந்தப் பையையே பார்த்தார்கள். இருளாயி ரிசீவரை வைத்ததும் அதிர்வு நின்றது.

"சின்னம்மாவுக்கு வர்ற போனை நான் எடுக்கறதுக்காகப் போட்ட ஆப் அது," என்றான். "அது இருக்கறது தப்பா?"

"இருக்கிறது தப்பில்ல. நேத்து ஏழேகாலுக்கு எந்தச் செல்லுல இருந்து அடிச்சதுன்னு அசோக்குமார் கம்பெனியில பதிவாயிருக்கும். கேட்டு எழுதியாச்சு, பதில் வந்துரும். அதுக்கு முன்னாடி நான் சொல்றேன், தப்பா இருந்தா சொல்லுங்க." அவருடைய குரலில் வெற்றி எதுவும் இல்லை. கைக்கு வந்த வேலையை முடிக்கிற குரல். "அஞ்சு மணிக்கு மணிகண்டன் கேனைத் தூக்கிட்டுப் போனதுக்கப்புறம் நீங்க பைக்குல வந்தீக. பேச்சு முத்திப்போச்சு. அடிச்சீக. ஒரு மணி நேரத்துல ஓசூர் போயிட்டீக. கேன்டீன்ல ஆறு பேருக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு, பையில இருக்கிற போன்ல ஆனை நம்பரை அமுக்குனீக. அந்த ஒரு அமுக்குல, செத்துப்போனவுக ஏழேகால் வரைக்கும் உசிரோட இருந்தாக. ஊரும் பயந்து கதவைச் சாத்திக்கிச்சு, விடியுற வரைக்கும் பிணத்தை யாரும் பாக்கல. பழி ஆனை மேல. ஆனை இல்லைன்னா, தனியாக் கிடக்கிற இந்தப் பய மேல."

பிரதாப் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பேச மட்டும் உங்களால முடியல. அந்தம்மா குரலுக்கு எங்க போவீக? அதனால மணி மட்டும் அடிச்சது. இன்னொண்ணு உங்களுக்குத் தெரியவே தெரியாது. பகல் வெளிச்சத்துல வந்தீக, வெளிச்சத்துலயே போயிட்டீக. ஒரு சுவிட்சைத் தொட வேண்டிய வேலை உங்களுக்கு இல்ல. தோட்டத்துல மத்தியானத்துல இருந்து கரண்டே இல்லைங்கிறது தெரிஞ்சிருந்தா, அந்த நம்பரை நீங்க அமுக்கியிருக்க மாட்டீக."

பிரதாப் செல்போனைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தான்.

"ஒரு கையெழுத்துத்தான் கேட்டேன் மேடம். சுத்தி எல்லாரும் நிலத்தைக் குடுத்துட்டாங்க. நான் நிலம் வாங்குற பார்ட்டிக்கு வாக்குக் குடுத்துட்டேன். எனக்கப்புறம் இது உனக்குத்தானேடா, அதுவரைக்கும் விடுடான்னாங்க. அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னாங்க."

"என்ன?"

"நான் போயிட்டா, ஆனை வந்தா ஊருக்கு யாரு சொல்லுவாங்கன்னு." அவன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டான். "எனக்குக் கோவம் வந்துருச்சு. பெத்த அம்மா மாதிரிப் பாத்துக்கறேன்னவங்களுக்கு என் கஷ்டம் தெரியலை, ஊரு கஷ்டம் தெரியுதேன்னு."

கான்ஸ்டபிள் அவனை உள்ளே அழைத்துப் போனார். அசோக்குமார் எழுந்து வெளியே போனார். வாசலில் நின்று தன் செல்லில் யாரிடமோ, அந்த ஆப்பிலிருந்து ஆனை நம்பரை இன்றைக்கே எடுத்துவிடும்படி சொல்லிக்கொண்டிருந்தது உள்ளே கேட்டது.

மணிகண்டன் இன்னும் பெஞ்சிலேயே இருந்தான். போகலாம் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. இருளாயி சொன்னார்.

அவன் எழுந்தான். இரண்டடி நடந்து நின்றான்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"அந்த அம்மாவை நான் கொன்னிருப்பேன்னு நீங்களும் நெனச்சீங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அவன் நிம்மதியாகப் போயிருப்பான். இருளாயி அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"நெனச்சேன்," என்றார். "காகிதம்கூடத் தயாரா இருந்துச்சு. நீ மூணாவது தடவையா மோட்டார் ஓடலைன்னு சொல்ற வரைக்கும் நெனச்சேன்."

மணிகண்டன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, காவேரிப்பட்டினம் போக எந்த பஸ் ஏற வேண்டும் என்று வாசலில் நின்ற கான்ஸ்டபிளிடம் கேட்டான்.