வெறும் டப்பாவை எப்படித் தருவாள்?

“உசுரோட இருக்குதுன்னா டிக்கெட் போடணுமேம்மா... முழு டிக்கெட்டா, அரை டிக்கெட்டா?”

படியில் தொங்கிக்கொண்டு கண்டக்டர் கேட்க, பேருந்துக்குள் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சாலையோரம் நீல நிற டிரம்மைக் கட்டிப்பிடித்தபடி நின்ற எழில்மதிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மூக்கு நுனி சிவந்தது. அவளுக்குக் கோபம் முதலில் அங்கேதான் வரும்.

“கிண்டல் பண்ற நேரமாங்க இது? வந்த வண்டி கிளச் போயி நிக்குது. உள்ள பதினோரு மீனு இருக்குது. கீழ கள்ளக்குறிச்சி வரைக்கும் ஏத்திக்கினு போங்க, போதும்.”

“போன வாரம் ஒருத்தர் கருவாட்டு மூட்டைய ஏத்திட்டாரு. ஓனர்கிட்ட நான்தான் வாங்கிக் கட்டிக்கினேன். ஜாஸ்தி பேச நேரமில்லம்மா... ரைட் போலாம்.”

விசில் இரண்டு முறை ஒலித்தது. பேருந்து நகர்ந்தே விட்டது!

கல்வராயன் மலையின் அந்த வளைவில் பகல் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. கோடை மழைக்கு முந்தைய புழுக்கம். எழில்மதி போனை எடுத்தாள். பேருந்தின் பின்புறம் ‘குறைகளுக்கு’ என்று எழுதி முதலாளியின் எண் இருந்தது. படியில் நின்றவனைச் சட்டென்று ஒரு படம் பிடித்தாள். ‘உங்க கண்டக்டர் நடு மலையில் என்னை விட்டுவிட்டுப் போகிறார். மரியாதை இல்லாமல் பேசுகிறார்’ என்று எழுதி அனுப்பியும் விட்டாள். மலையில் ஏது டவர்? செய்தி போகாமல் அப்படியே நின்றது. அவள் போனைப் பையில் திணித்தாள்.

பிறகுதான் அழுகை வந்தது. சாதாரண மீன்களா இவை? மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் அவளும் அவள் அப்பா சுப்புராயனும் மீன் குஞ்சுப் பண்ணை வைத்திருந்தார்கள். ஒரே குடும்பத்து மீன்களையே திரும்பத் திரும்பச் சினைப்பிடிக்க வைத்ததில், இரண்டு வருடமாகக் குஞ்சுகள் முதுகு வளைந்து பிறந்தன. வாங்கிப் போனவர்கள் திட்டினார்கள். இந்தப் பருவமும் அப்படியே ஆனால் தொட்டிகளை மூடிவிட்டுக் கரும்பு போட வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால்தான் அவள் மலையேறி வந்தாள். ஓடை மடுவில் நான்கு நாள் காத்திருந்து, செதில் உதிராமல் ஒவ்வொன்றாகப் பிடித்த சேல்கெண்டைகள் இவை. ஓடும் தண்ணீரில் தானாக வளர்ந்த புது ரத்தம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால்... நூறடி தள்ளிப் பேருந்து நின்றிருந்தது.

கண்டக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நடந்து வந்தான். அவளை நேராகப் பார்க்காமல் டிரம்மைப் பார்த்தான்.

“பின் சீட்டுக்கு முன்னால வெக்கலாம். ஓரமா வெச்சா வளைவுல சாஞ்சிடும். நீங்க அந்தப் பக்கம் புடிங்க.”

“இப்ப மட்டும் இன்னா மனசு மாறிடுச்சி?”

“கண்ணாடியில பாத்தேன்... நீங்க அழுதுகினு இருந்தீங்க.”

அவள் டிரம்மின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

அவன் பெயர் கவியரசன் என்று அவளுக்குச் சொன்னது, புளி மூட்டையோடு முன்னால் உட்கார்ந்திருந்த குஞ்சம்மாள். வாரத்துக்கு இரண்டு நாள் மலையிலிருந்து சந்தைக்கு இறங்குகிறவள் அவள். “தோ பாரு பொண்ணே, எங்க கவி கொஞ்சம் வாய்த்துடுக்கு. மத்தபடி தங்கம்” என்று உத்தரவாதமும் கொடுத்தாள்.

மூன்றாவது வளைவில் டிரம்முக்குக் காற்றடிக்கும் பேட்டரி மோட்டார் இருமியது. ஐந்தாவது வளைவில் நின்றே போனது.

“ஐயோ...” எழில்மதியின் முகம் வெளுத்தது. “காத்து இல்லன்னா அரை மணி நேரம் தாங்காதுங்க. தண்ணிய மொண்டு மொண்டு மேலேர்ந்து ஊத்திக்கினே இருக்கணும். அப்பதான் காத்து கலக்கும். என் சொம்பு அந்த வண்டியிலயே நின்னுடுச்சி...”

கவியரசன் யோசிக்கவில்லை. தன் சீட்டுக்கு மேலே இருந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்தான். அன்றைக்கு அவன் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை. சோற்றை அப்படியே ஒரு பேப்பரில் கவிழ்த்தான்.

“வேணாங்க. எண்ணெப் பிசுக்கு பட்டா மீனு செவுள் அடைச்சிக்கும்.”

“ஆயிரம் கண்டிஷன் போடுதே உங்க மீனு” என்றவன், குஞ்சம்மாளின் மூட்டையிலிருந்து ஒரு பிடி புளியைக் கேட்டு வாங்கினான். குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி, படியோரம் நின்று டப்பாவைத் தேய்தேய் என்று தேய்த்தான். நாலு முறை அலசி முகர்ந்து பார்த்துவிட்டு அவளிடமும் நீட்டினான். அவள் முகர்ந்து பார்த்துத் தலையாட்டினாள்.

பிறகு ஊற்றத் தொடங்கினான். விசில் குஞ்சம்மாளின் கைக்குப் போனது. எந்த ஊரில் நிற்க வேண்டும் என்று அவளுக்கா தெரியாது? டிரைவர் சிவசங்கர் மட்டும், “யாருய்யா இது, நிக்கறதுக்கும் போறதுக்கும் ஒரே மாதிரி ஊதறது” என்று முன்னாலிருந்து சலித்துக்கொண்டார்.

மொண்டு... தூக்கி... ஊற்றி... மறுபடி மொண்டு. அவன் சட்டை நனைந்தது. கை ஓய்ந்தபோது அவள் வாங்கி ஊற்றினாள். அவள் கை ஓய்ந்தபோது அவன் வாங்கினான். டப்பா கை மாறும்போதெல்லாம் விரல்கள் பட்டன. இரண்டு பேரும் அதைக் கவனிக்காத மாதிரி மீனையே பார்த்தார்கள்.

“இதுல ஆம்பள எது, பொம்பள எது?”

“பக்கத் துடுப்பைத் தடவிப் பாருங்க. மெல்ல... சொரசொரன்னு இருந்தா ஆணு. வழவழன்னு இருந்தா பொண்ணு.”

அவன் தண்ணீருக்குள் கையை விட்டான். கண்ணை மூடிக்கொண்டு தடவினான்.

“சொரசொரன்னுதான் இருக்குது. பாவம், எங்க போனாலும் எங்க ஆம்பள சாதிக்கு அந்தப் பேருதான்.”

எழில்மதி சிரித்துவிட்டாள். மூன்று மணியிலிருந்து அடைத்துக்கிடந்த நெஞ்சு அந்தச் சிரிப்பில் திறந்துகொண்டது. அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். மை கலைந்து, மூக்கு சிவந்து, சிரித்துக்கொண்டிருந்த அந்த முகத்தை... பார்த்துக்கொண்டே இருந்துவிட்டான்.

“தண்ணி...” என்றாள் அவள் மெல்ல.

“ஆங்... தண்ணி” என்று மொண்டான்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. பதினோரு மீன்களும் உயிரோடு இருந்தன. அடிவாரத்திலிருந்து அவள் போனில் சொல்லியிருந்ததால், அப்பா வேறு வண்டியில் புது மோட்டாரோடு காத்திருந்தார். டிரம்மை ஏற்றும் அவசரத்தில் அவளுக்கு நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை. வண்டி கிளம்பியதும் எட்டித் திரும்பிப் பார்த்தாள். சொட்டச் சொட்ட நனைந்தபடி அவன் மழையிலேயே நின்றுகொண்டிருந்தான். டப்பா டிரம்முக்குள்ளேயே மிதந்து வந்தது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அடுத்த நாலு நாளும் எழில்மதி மீன்களுக்குத் தவிடு வைத்தாள், டப்பாவைத் துடைத்து வைத்தாள், மறுபடி எடுத்துத் துடைத்தாள். ஐந்தாம் நாள் டப்பாவோடு கள்ளக்குறிச்சிக்கே போய்விட்டாள். பேருந்து வந்தது. படியில் வேறு யாரோ நின்றார்கள்.

“கவியா? அவன ஓனர் ஷெட்டுல வண்டி கழுவ வுட்டுட்டாரும்மா” என்றார் சிவசங்கர். அவள் முகத்தைப் பார்க்காமல், “எந்தப் புண்ணியவதியோ போட்டோவோட புகார் போட்டுக்கிறா” என்றும் சொன்னார்.

போனை எடுத்துப் பார்த்தாள். மலையில் நின்றுபோன செய்தி, அடிவாரத்துக்கு வந்து டவர் கிடைத்ததும் தானே போய்ச் சேர்ந்திருந்தது. அவன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில்! அவள் அதைச் சுத்தமாக மறந்தே போயிருந்தாள்.

ஷெட்டில் அவன் சக்கரத்துக்கு அடியில் உட்கார்ந்து சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டான்.

“மீனு எல்லாம் நல்லா இருக்குதுங்களா?”

“நல்லா இருக்குது... நான் அந்தப் புகார...”

“அத வுடுங்க. ஏத்த மாட்டேன்னு சொன்னது நெசந்தானே? அப்பவே போட்டிருந்தீங்கன்னா நியாயம். ஓனர் போன்ல நாலு பத்துன்னு டைம் போட்டுருக்குது. நாலு பத்துக்கு நான் இன்னா பண்ணிக்கினு இருந்தேன்னு உங்களுக்குத் தெரியும்.” குரல் உயரவே இல்லை. “டப்பாவ வெச்சிட்டுப் போங்க.”

அவள் டப்பாவை நீட்டப்போய், பாதியில் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். உள்ளே ஒன்றுமில்லை. ஒருவர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தருவது எந்த வீட்டில் உண்டு? ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தானே தருவார்கள்.

“வெறும் டப்பாவ எப்படிக் குடுக்கறது...”

“புகார் எழுதறப்ப கூசல. வெறும் டப்பா குடுக்கக் கூசுதா?”

சுருக்கென்று தைத்தது. எழில்மதிக்கு மட்டும் ரோஷம் இல்லையா? அதற்குமேல் அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நேராக முதலாளி சின்னராசுவின் அறைக்குப் போனாள். தன் போனை அவர் போனுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“பாருங்க சார். நான் அனுப்புனது மூணு மணி, மலையில. உங்களுக்கு வந்தது நாலு பத்து. நடுவுல அவரு சோத்தைக் கொட்டிட்டு, அந்த டப்பாவால என் மீனக் காப்பாத்திக்கினு வந்தாரு. எங்க பொழப்பே அந்த மீனுதான். தப்பு என்னுது. அவர வண்டியில ஏத்துங்க.”

சின்னராசு இரண்டு போன்களையும் மாறி மாறிப் பார்த்தார். “இத அவன்கிட்டயே சொல்லிட்டுப் போறதுதானே?”

“நீங்களே சொல்லிடுங்க” என்று வந்துவிட்டாள்.

மறுநாளே அவன் வண்டியில் ஏறிவிட்டான் என்று தெரிந்தது. ஆனால் அவன் வரவில்லை. இவளும் போகவில்லை. “அந்தத் தம்பியக் கூட்டிக்கினு வாயேன், ஒரு வேளை நம்ம வூட்ல சாப்பிடட்டும்” என்று அப்பா இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். “பாக்கலாம்பா” என்று தொட்டிப் பக்கம் போய்விடுவாள். அப்பாவுக்குத் தெரியாததா?

வைகாசியில் நல்ல மழை பெய்தது. சினை ஊசி போட்டுத் தொட்டியில் விட்ட சேல்கெண்டைகள் விடியற்காலையில் முட்டையிட்டன. வட்டத் தொட்டியில் முட்டைகள் ஜவ்வரிசி போலச் சுழன்றன. மறுநாள் பொரிந்தன. மூன்று நாள் கழித்து, குஞ்சுகளின் கண்கள் தெரிய ஆரம்பித்ததும் வெள்ளைக் கிண்ணத்தில் மொண்டு வெயிலில் பார்த்தார் சுப்புராயன். ஒரு குஞ்சுக்கும் முதுகு வளையவில்லை. கிண்ணத்தை அவளிடம் கொடுத்துவிட்டு, வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எழில்மதி உள்ளே போய் டப்பாவை எடுத்து வந்தாள். எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக் கூடாதே... புளி போட்டுத் தேய்த்தாள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்குப் போகும் பேருந்தில் அன்று கூட்டம் கம்மி. எழில்மதி அந்தப் பின் சீட்டிலேயே உட்கார்ந்தாள். காலடியில் ஒரு தண்ணீர்ப் பை நிறையக் குஞ்சுகள்... தாய் தகப்பனைக் கொடுத்த மடுவுக்குக் கொண்டுபோய் விடத்தான். மடியில் டப்பா. சந்தை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த குஞ்சம்மாள் அவளைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கவியரசன் டிக்கெட் போட்டுக்கொண்டே வந்தான். அவளைக் கண்டதும் அவன் கை நின்றது.

“டப்பா கொண்டாந்தேன்” என்றாள். “வெறும் டப்பா இல்ல.”

அவன் வாங்கித் திறந்தான். தண்ணீர்தான் இருந்தது. குனிந்து உற்றுப் பார்த்தான். முதலில் ஒரு ஜோடிக் கண். கடுகைவிடச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் இரண்டு. அப்புறம் இன்னொரு ஜோடி... இன்னொன்று... டப்பா முழுவதும் கண்களாக அவனைப் பார்த்தன. மயிரிழை மாதிரி உடம்புகள், நேராக.

“எல்லாம் நேரா இருக்குதுங்க” என்றாள். “எங்கப்பா தொட்டிய மூடல. உங்களாலதான். அன்னிக்கு ஒரு நன்றி கூடச் சொல்லாம போயிட்டேன்.”

அவன் டப்பாவிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினான்.

“ஓனர் எல்லாம் சொன்னாரு. ரெண்டு போனையும் பக்கத்துல வெச்சிக் காட்டுனீங்களாமே... நானே வந்து பேசியிருக்கணும். அன்னிக்கு அப்படிக் கேட்டுட்டு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு வர்றது?” நிமிர்ந்தான். “வண்டி கழுவுனது எனக்குப் பெருசில்லீங்க. மழையில நீங்க திரும்பிப் பாத்துட்டுப் போனீங்க இல்ல... அது பொய்யோன்னு நெனச்சிட்டேன். அதான் தாங்க முடியல.”

எழில்மதியின் மூக்கு நுனி சிவந்தது. இந்த முறை கோபத்தில் இல்லை.

“பொய் இல்ல. மீனு வண்டியில முன்னாடி இருந்திச்சி. நான் எதுக்குப் பின்னாடி திரும்பிப் பாக்கணும்? உங்களத்தான் பாத்தேன். அன்னியிலேர்ந்து வேற எதையும் ஒழுங்கா பாக்கலீங்க... உங்களத்தான் நெனச்சிக்கினு இருக்கறேன்.”

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் டப்பாவைப் பார்த்தாள்.

“நானும்தாங்க” என்றான் அவன், ரொம்ப மெதுவாக. பிறகு வழக்கமான குரலை எப்படியோ தேடிப்பிடித்தான். “இத்தன பேருக்கு டிக்கெட் போடணும்னா ரோலு பத்தாதே... இதுங்கள நான் எங்க வெச்சி வளக்கறது?”

“எங்க வூட்ல தொட்டி இருக்குது. அப்பா உங்களச் சாப்பிடக் கூப்பிட்டாரு. ஞாயித்துக்கிழமை வாங்க.”

“வெறுங்கையோட எப்படி வர்றது?”

“உங்கம்மாவக் கூட்டிக்கினு வாங்க.”

அவன் ஒரு கையால் டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அதில் தண்ணீர் தளும்பாமல் பிடித்துக்கொண்டு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பேருந்து எப்போதோ நின்றிருந்தது. இறங்க வேண்டியவர்கள் இறங்கி, ஏற வேண்டியவர்கள் ஏறி, “யாருய்யா, போலாமா வேணாமா?” என்று சிவசங்கர் கத்திக்கொண்டிருந்தார்.

குஞ்சம்மாள் எழுந்து வந்தாள். அவன் சட்டைப் பையிலிருந்த விசிலை எடுத்துத் துடைத்து, இரண்டு முறை ஊதினாள்.