வந்திருந்த பொதுமக்கள்: யாருமில்லை

ஊர் மன்றத்து அறிவிப்புப் பெட்டியின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அக்டோபர் கூட்டக் குறிப்பில் ஒரு வரி மட்டும் தப்பாக இருந்தது. ‘வந்திருந்த பொதுமக்கள்: யாருமில்லை.’

ஹெஸ்டர் ப்ளைட் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தாள். அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் அவள். கார் நிறுத்துமிடத்துக்காகத் தன் வீட்டை எடுக்கக் கூடாது என்று மூன்று நிமிடம் பேசியவள். நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடையும், பேச்சுக்கு நடுவே யாரோ பிஸ்கட் டப்பாவை உருட்டிய சத்தமும்கூட அவளுக்கு நினைவிருந்தன.

அவள் உள்ளே போய்க் கேட்டதும் மன்றச் செயலர் டெஸ்மண்ட் ஆர்க்கெல் சிரித்தார். “அடுத்த கூட்டத்துல சொல்லுங்கம்மா. தலைவர் கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் நடந்தது அதுதான்.”

நவம்பரில் எழுந்து நின்று சொன்னாள்.

“எங்கேயோ காத்து உள்ள வருது, ஜன்னலைச் சாத்துங்கப்பா” என்றார் ஒரு உறுப்பினர். மற்றவர்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். குறிப்பு சரியென்று ஏழு கைகள் உயர்ந்தன. தலைவரின் பேனா கீறியது. அவள் உட்கார்ந்ததும், காலி நாற்காலி என்பதுபோல, பின்னாலிருந்து யாரோ தன் ஈரக் கோட்டை அவள் மடியில் போட்டுவிட்டுப் போனார்கள்.

தபால் நின்றது. பால் நின்றது. கடைக்காரி அவளைத் தாண்டி அடுத்தவருக்கு ரொட்டியை நீட்டினாள்.

டிசம்பர் அஜெண்டாவில் ஆறாவது பொருள்: ‘மில் சந்து, மூன்றாம் எண். ஆளில்லாத வீடு. பலகையடித்து மூடுதல்.’ அவளுடைய வீடு. அன்றும் கத்தினாள். ஏழு கைகள்.

வியாழன் காலை துளைக்கருவி இரைந்தது. வெளியே போய்விட்டால் வீடு உண்மையிலேயே ஆளில்லாததாகிவிடும் என்று அவள் உள்ளேயே இருந்தாள். முன்னறை ஜன்னலைப் பலகை மூடியது. பிறகு சமையலறை. பிறகு மாடி. ஒவ்வொரு அறையாக வெளிச்சம் போனது.

கீழே கடைசி ஜன்னல். கண்ணாடியை அறைந்தாள்.

தச்சரின் கை நின்றது. “ஐயா... உள்ள ஒரு அம்மா...”

பக்கத்தில் நின்ற ஆர்க்கெல் ஜன்னலுக்குக் குனிந்தார். அவள் கண்ணுக்குள் நேராகப் பார்த்தார்.

“ஹெஸ்டர்” என்றார் மென்மையாக. “அஜெண்டாவுல இல்லாததை இன்னைக்கு நாங்க எடுக்க முடியாதும்மா. ஜனவரி பதிமூணு அடுத்த கூட்டம். எழுத்துல குடுங்க.”

பலகை ஏறியது.

இருட்டில் தடவிக்கொண்டு வாசலுக்குப் போனாள். கதவில் தபால் போடும் துளைக்குள் கையை விட்டாள். விரல் நுனியில் புது மரம். அதைத் துளைத்துக்கொண்டு, மெல்லச் சுழன்றபடி, அவள் விரலை நோக்கி ஒரு திருகாணியின் முனை.

இன்னொன்று.