விசாரணைக் கமிட்டியின் நேர்த்திக்கடன்

"ஐயோ...!"

கிணற்றடியில் வீறிட்டாள் பவுனம்மாள்.

1934. கிள்ளான். ஆசிரியர் பயிற்சிப் பள்ளியின் பெண்கள் விடுதி. பின்னால் ரப்பர்க் காடு.

எவனோ பின்னாலிருந்து தலையில் சாக்கைக் கவிழ்த்து ரப்பர் மரங்களுக்குள் இழுத்தான். அவள் கை மரத்தைத் துழாவியது... ரப்பர் பால் நிரம்பிய மங்குக் கிண்ணம்! பிடுங்கி அவன் தலையில் கவிழ்த்தாள்.

கெட்ட வார்த்தை ஒன்றைத் துப்பிவிட்டு ஓடினான்.

மதியமே விசாரணை. நடுவில் தலைமையாசிரியர் தம்புசாமி, எப்போதும் போல ஜரிகைத் தலைப்பாகையோடு. வலப்பக்கம் விடுதிப் பொறுப்பாளர் ராதாகிருஷ்ணன். இடப்பக்கம் கணக்கு வாத்தியார் செபாஸ்டியன். மாதா கோயிலில் ஞாயிறு தவறாமல் பாடுகிறவர்.

"ஆளைப் பார்த்தியா?" என்றார் தம்புசாமி.

"சாக்கைப் போட்டா எப்படி சார் தெரியும்?"

"அப்ப சாட்சி இல்ல!"

"இருக்கு சார். ரப்பர் பால் முடியில காஞ்சா சோப்புக்கும் போகாது, சீப்புக்கும் போகாது. வழிச்சாத்தான் போகும். நான் தோட்டத்துல பிறந்தவ. இங்க உள்ள ஆம்பளைங்க தலையை இப்பவே பாருங்க!"

தம்புசாமி தலைப்பாகையை அழுத்திக்கொண்டார்.

"நாளைக்குப் பார்ப்போம்லா. அதுவரைக்கும் பொம்பளைப் பிள்ளைங்க கிணத்துப் பக்கம் போகக்கூடாது!"

"குளிக்கிறது?"

"அதைக் கமிட்டி யோசிக்கும். புகார் பொய்னா படிப்பு போச்சு. தோட்டத்துக்கே போய்ப் பால் வெட்டு!"

மறுநாள் விசாரணை அறைக் கதவு திறந்தது.

பவுனம்மாள் எட்டிப் பார்த்தாள்.

மூன்று மொட்டைகள்! மூன்றிலும் சந்தனம்!

"பத்துமலை முருகனுக்கு நேர்த்திக்கடன்," என்றார் தம்புசாமி. "இங்க எவன் தலையிலயும் பால் இல்ல. பெட்டியைக் கட்டு!"

சன்னலில் விடுதிப் பெண்கள் முண்டியடித்தார்கள்.

பவுனம்மாள் இடப்பக்கம் திரும்பினாள்.

"செபாஸ்டியன் சார்... உங்களுக்குமா முருகன்?"

சன்னலில் சிரிப்பு வெடித்தது. செபாஸ்டியனின் சந்தனம் வியர்வையில் வழிந்தது.

"நான் மாட்டேன்னுதான்மா சொன்னேன்! ஐயா மட்டும் மொட்டைன்னா மாட்டிக்குவாரு, மூணு பேரும் போட்டுக்குவோம்னு இந்த ராதாகிருஷ்ணன்தான்...!"

ஐயாவா...!

தம்புசாமியின் கை தலைப்பாகையைத் தேடிப்போய் வெறும் மண்டையைத் தடவியது.

"புகாரை வாபஸ் வாங்கிக்கம்மா," குரல் குழைந்தது. "படிப்பை நல்லா முடிச்சுக்கலாம்..."

"வாபஸ் இல்ல சார், திருத்தம். ஒருத்தன்னு சொன்னேன். இப்ப மூணு பேர்!"

சன்னல் காலியானது. பெண்கள் வாசலில் திரண்டு நின்றார்கள்.

பவுனம்மாள் படியிறங்கினாள். திரும்பிப் பார்த்தாள்.

"போலீஸ் டேசன் வரைக்கும் நடக்கணும் சார். தலைக்கு ஏதாச்சும் போட்டுக்கிட்டு வாங்க... வெயில் சுடும்!"